துறைமுகத்துத் தீர்வையும் தொலைவிலுள்ள வயலும்

இராயபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்பவர் கண்ணுக்கு வயல் ஒன்றும் தென்படுவதில்லை. காசிமேட்டின் மீன்பிடி துறைமுகம், திருவொற்றியூரின் தொழிற்கூடங்கள், எண்ணூர்க் கழிமுகம், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அதற்கப்பால் காமராசர் துறைமுகம் என்று இரும்பும் நிலக்கரியும் எண்ணெயுமாகவே காட்சிகள் விரிந்து செல்கின்றன. ஏர் பிடித்த கை ஒன்றையும் காணவியலாத இந்நிலப்பகுதிக்கும், திருவண்ணாமலை மாவட்டத்து மணிலாக் கொல்லைக்கும், வயநாட்டு மிளகுக் கொடிக்கும், யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்துக்கும் என்ன உறவு என்று ஒருவர் கேட்கலாம். உறவு உண்டு. அவ்வுறவுக்குச் சுங்கத் தீர்வை என்று பெயர்.

துறைமுக வாயிலில் தீர்வை ஒரு படி இறங்கினால், நூறு கல் தொலைவிலுள்ள களத்துமேட்டில் விளைபொருளின் விலை ஒரு படி இறங்குகிறது. அண்டை நாடுகள் இரண்டு தமக்குள் தீர்வையை நீக்கிக் கொள்வதென்று எழுதிக் கையொப்பமிடும் உடன்படிக்கையையே இக்காலத்தில் தடையற்ற வணிக ஒப்பந்தம் என்கிறோம். இவ்வொப்பந்தங்கள் உழவர் வாழ்வை எவ்வாறு மாற்றின என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுங்கத்தின் பழங்கதை

சுங்க விகிதத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'டாரிஃப்' என்னும் சொல், அறிவித்தல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்து, இத்தாலிய வணிகர் வாயிலாக ஐரோப்பா சென்றதென மொழிநூலார் கூறுவர். இன்ன சரக்குக்கு இன்ன வரி என்பதை வணிகனுக்கு முன்கூட்டியே தெரிவித்தல் என்பதே அதன் கருத்து. இப்பொருளை வாசகர்கள் நினைவில் இருத்திக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் எல்லை கடந்து வரும் சரக்குகளுக்கு வரி விதிக்கும் முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. நம் வணிகரிடம் அயல் நாட்டார் எவ்வளவு வாங்குகின்றனரோ அவ்வளவே அவர்தம் வணிகரிடமும் வாங்குக என்று அன்னார் அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களுக்குப் பணித்த செய்தியை, ஹாரூன் ரஷீதின் காலத்துத் தலைமை காஜியாகிய இமாம் அபூ யூசுப் (ரஹ்) தமது 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். ஒப்புக்கு ஒப்பு என்னும் இந்நெறியே இன்றைய வணிக ஒப்பந்தங்களுக்கும் அடிப்படையாக உள்ளது.

ஆயினும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் காணப்படும் மற்றொரு செய்தி இதனினும் நுட்பமானது. நபத்திய வணிகர் மதீனாவுக்குக் கொணர்ந்த கோதுமைக்கும் எண்ணெய்க்கும் உமர் (ரலி) அவர்கள் இருபதில் ஒரு பங்கே வரி வாங்கினார்கள். அப்பண்டங்கள் நகருக்கு மிகுதியாக வந்து சேரவேண்டும் என்பதே அதற்குக் காரணமென அந்நூல் கூறுகிறது. அதே வணிகர் கொணர்ந்த பருப்பு வகைகளுக்கோ பத்தில் ஒரு பங்கு முழுமையாக வாங்கப்பட்டது. ஒரே நகரம், ஒரே வணிகர் கூட்டம்; எனினும் பண்டத்துக்குப் பண்டம் விகிதம் வேறு. எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று எண்ணிப் பார்த்து விதித்த வரி அது.

நம் தமிழகத்திலும் சுங்கத்துக்கு நெடிய வரலாறு உண்டு. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். வரியை நீக்கிய மன்னனை மக்கள் போற்றியது இயல்பே. ஆனால் நீக்கிய வரியால் நன்மை பெற்றவர் யார், இழந்தவர் யார் என்னும் கேள்வி ஒவ்வொரு காலத்திலும் புதிதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

தாது வருடத்துக் கடற்கரை

1856இல் இராயபுரம் புகைவண்டி நிலையத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அன்று முதல் உள்நாட்டு வயலும் சென்னைக் கடற்கரையும் ஒரே சந்தையாயின. விளைச்சல் எளிதில் துறைமுகம் சேர்ந்தது. கடல்வழி வந்த சரக்கு எளிதில் உள்நாடு புகுந்தது.

இருபது ஆண்டு கழித்து, 1876இல் தாது வருடப் பஞ்சம் வந்தது. அக்காலத்து ஆங்கில அரசு தடையற்ற வணிகக் கொள்கையை ஒரு வேதமாகவே கொண்டிருந்தது. தனியார் தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அதன் துணிபு. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு, ஆர்பத்நாட்டு வணிக நிறுவனத்தின் மூலம் 30,000 டன் தானியத்தை மறைவாக வாங்கியபோது, வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசு அதனைக் கண்டித்தது. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையெனக் குவிந்து கிடந்த காட்சியைக் காட்டும் நிழற்படம் இன்றும் உள்ளது. அதே காலத்தில் உள்மாவட்டங்களில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். கடையில் தானியம் இருந்தது. உழவன் கையில் காசு இல்லை. மழை பொய்த்து வேலை போனபின், வாயில் திறந்திருந்தும் என்ன பயன்?

எண்ணூர் வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் நகர்ப்பகுதி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் வகையில் 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. பட்டினி கிடந்த உழவர்களின் கைகள் தோண்டிய வாய்க்கால் அது. இன்று கழிவுநீர் சுமந்து ஓடும் அக்கால்வாயைக் கடக்கும்போது இச்செய்தியை நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நன்று.

பர்மா அரிசி: இரு கரையிலும் இழப்பு

1937 ஏப்ரல் முதல் நாள் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்தமையால், அங்கு விளைந்த அரிசி தீர்வையின்றிச் சென்னைக்கும் பிற துறைகளுக்கும் வந்தது. தமிழ்நாட்டுத் தொழிலாளரும் நகரத்தாரும் சூலியா முஸ்லிம்கள் எனப்பட்ட நம் வணிகரும் இரங்கூனில் பெருந்தொகையினராக வாழ்ந்த காலம் அது.

1930இல் உலகெங்கும் விலைவாசி சரிந்தது. அரிசி விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மலிந்த பர்மா அரிசியும் சயாம் நாட்டுக் குறுநொய்யும் சென்னை மாகாணத்தில் வந்து குவியவே, தஞ்சை மிராசுதார்கள் பாதுகாப்புத் தீர்வை வேண்டுமென்று குரல் எழுப்பினர். 1935இல் அயல்நாட்டு நொய்யரிசிக்கு மணங்குக்கு 12 அணா தீர்வை விதிக்கப்பட்டது. ஆனால் பர்மா அயல்நாடு அன்று; ஆதலின் அத்தீர்வை பர்மா அரிசியைத் தொடவில்லை. 1937இல் பர்மா பிரிந்த பின்னரும், வணிகத்தில் பழைய நிலையே சில ஆண்டுகள் தொடர்வதற்கு ஆணை பிறப்பிக்கப்பட்டது. நம் நாட்டுக்கும் ஓர் அண்டை நாட்டுக்கும் இடையே நிலவிய ஒரு தடையற்ற வணிக ஏற்பாடு அது எனலாம்.

இங்கே தஞ்சை உழவர் நொந்தாரென்றால், அங்கே பர்மிய உழவர் செழித்தாரா? இல்லை. அதுவே இவ்வரலாற்றின் துயரம். நெல் விலை சரிந்ததும் ஐராவதிக் கழிமுகத்துப் பர்மியக் குடியானவர் வாங்கிய கடனைத் திருப்ப இயலாது நிலத்தை இழந்தனர். முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் வசமிருந்த நிலம் 6 சதவிகிதம். 1938இல் அது 25 சதவிகிதமாயிற்று. வட்டிக்கடைக்காரர் நிலத்தை விரும்பி வாங்கினாரல்லர். கடனுக்கு ஈடாக அது அவர் கையில் வந்து விழுந்தது. ஆனால் நிலமிழந்த பர்மியனுக்கு இந்த வேறுபாடு எங்ஙனம் விளங்கும்? இந்தியர்பால் அங்கு வளர்ந்த கசப்புக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. இக்கரையில் விலை வீழ்ந்தது. அக்கரையில் நிலம் போயிற்று.

இதன் மற்றொரு பக்கம் 1942இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும், ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த அரிசி ஒரே நாளில் நின்றது. பர்மா அரிசியை நம்பித் தென்னையும் பிற பணப்பயிரும் வைத்திருந்த திருவிதாங்கூரில் பட்டினி பரவியது. மலிவாக வந்த பண்டம் வராமற் போகும் நாளும் உண்டு என்பதை அந்நாள் கற்பித்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களும், 1960களில் அங்கு வணிகம் அரசுடைமையானபின் கப்பலேறி வந்தவர்களும் வட சென்னையில் தங்கினர். துறைமுகத்தை அடுத்து 1969இல் எழுந்த பர்மா பஜார், அரிசிக் கப்பல்கள் விட்டுச் சென்ற நினைவுச்சின்னம் போல இன்றும் நிற்கிறது.

யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும்

கிழக்குக் கடலைக் கடந்து பர்மாவைக் கண்டோம். இனித் தெற்கே உள்ள அண்டை வீட்டைக் காண்போம்.

1970 முதல் 1977 வரை இலங்கையில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நகரத்து நுகர்வோர் விலையேற்றத்தால் வாடினர் என்பது உண்மையே. ஆனால் ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், கிணற்று நீரை இயந்திரத்தால் இறைத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட சிறு உழவர் வாழ்வு அவ்வேழாண்டில் மலர்ந்தது.

1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து, திறந்த பொருளாதாரம் என்று வாயிலை அகலத் திறந்தார். இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்திறங்கின. யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் வருவாய் சரிந்தது. அக்காலத்து இளைஞர் மனக்கொதிப்புக்குக் கல்வியும் மொழியும் அரசியலும் முதற்காரணங்கள் என்றாலும், வயலில் நேர்ந்த இழப்பும் அதனுடன் சேர்ந்தது என்று ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர்.

இந்நினைவு ஆறாத நிலையில்தான் 1998 டிசம்பர் 28ஆம் நாள் புதுதில்லியில் பிரதமர் வாஜ்பாயும் குடியரசுத் தலைவி சந்திரிகா குமாரதுங்காவும் இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். 2000 மார்ச் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பெரிய நாடாகிய இந்தியா மூன்றாண்டில் தீர்வைகளை நீக்குவதென்றும், சிறிய நாடாகிய இலங்கை எட்டாண்டு எடுத்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. சலுகைக்கு உட்படாத பண்டங்களென இந்தியா 429ஐயும் இலங்கை 1,180ஐயும் ஒதுக்கி வைத்தன. இலங்கையின் பட்டியலில் வேளாண் பொருள்கள் மிகுதி. தமிழகத்தில் உழவர் இலவச மின்சாரத்தில் நீரிறைக்கின்றனர். அத்தகைய உதவியின்றி விளைவிக்கும் எம்மவர் எங்ஙனம் போட்டியிடுவர் என்பது அந்நாட்டு உழவரின் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லிவிட முடியாது.

ஆகவே வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றன. 2007இல் இயற்றிய சட்டத்தின்படி இலங்கை அரசு அவற்றுக்குச் சிறப்புப் பண்டவரி விதித்து வருகிறது. உள்நாட்டு அறுவடைக் காலத்தில் அதை உயர்த்துவதும், தட்டுப்பாட்டுக் காலத்தில் தாழ்த்துவதும் அங்கு வழக்கமாயின. சேவைத் துறையையும் உள்ளடக்கிய விரிவான ஒப்பந்தம் ஒன்று 2008இல் கையொப்பமாக இருந்தும், உள்நாட்டு எதிர்ப்பால் இலங்கை பின்வாங்கியது.

வயலில் இறங்காத சலுகை

ஒப்பந்தம் அளித்த சலுகையால் இலங்கையின் சிற்றூர்கள் செழித்தனவா என்று ஆராய்வோர் இரு பண்டங்களின் கதையை அறியவேண்டும்.

முதலாவது வனஸ்பதி. இலங்கைக்கு மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பாமாயில் குறைந்த தீர்வையில் வந்தது. அதே எண்ணெய் நேராக இந்தியா வந்தால் உயர்ந்த தீர்வை. எனவே முதலீட்டாளர் இலங்கையில் ஆலைகளை அமைத்து, அங்கு எண்ணெயை வனஸ்பதியாக்கித் தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பினர். பண்டத்தின் மதிப்பில் 35 சதவிகிதம் உள்நாட்டில் சேரவேண்டும் என்னும் விதி ஏட்டளவில் நிறைவேறியது. ஆனால் இலங்கையின் தென்னை உழவருக்கு அதனால் ஒரு காசும் சேரவில்லை. இந்திய ஆலைகள் முறையிட்டன. ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வரம்பு வந்தது. 2006இல் இந்திய அரசு நிறுவனத்தின் வழியாகவே இறக்குமதி என்றாயிற்று. பின்னர் ஆலைகள் பல மூடப்பட்டன. வரியின் வேறுபாட்டில் பிறந்த தொழில் வரியோடு மறைந்தது.

இரண்டாவது மிளகு. நம் முன்னோராகிய மரைக்காயர்களும் அரபு வணிகரும் மரக்கலமேற்றிய அதே மிளகுதான். இலங்கையில் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் வீட்டுத்தோட்டம் போன்ற சிறு நிலங்களில் மிளகு விளைகிறது. ஆண்டுக்கு 2,500 டன் தீர்வையின்றி இந்தியா வரலாம் என்ற ஏற்பாட்டால் அச்சிறு உழவர் நற்பயன் பெற்றனர் என்பதை ஒப்பவேண்டும். ஆனால் பிற நாட்டு மிளகுக்கு இந்தியாவில் 70 சதவிகிதம் வரை தீர்வை இருந்தமையால், வியட்நாம் மிளகு இலங்கை வழியாக, இலங்கைச் சான்றிதழோடு வருகிறதென்று வயநாடு, இடுக்கி, குடகு உழவர் முறையிட்டனர். 2017 டிசம்பரில் இந்திய அரசு, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி கூடாதென்று அடிவிலை விதித்தது. அதனால் குடகு உழவருக்குச் சிறிது மூச்சு வந்தது. ஆனால் நேர்மையாக விளைவித்த மாத்தளை உழவனின் மிளகும் அதே வாயிலில் தடைபட்டது. இடைத்தரகன் செய்த சூதுக்கு இருநாட்டு உழவரும் விலை கொடுத்தனர். பர்மா அரிசியில் கண்ட பாடமே இங்கு மீண்டும் எழுதப்பட்டது.

இலங்கையைப் பற்றி மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் அந்நாட்டு நெல் விளைச்சல் சரிந்தது. 2022இல் இறக்குமதி செய்யவும் அந்நியச் செலாவணி இல்லாத நிலை வந்தது. அப்போது தமிழக அரசு 40,000 டன் அரிசியும் பால்மாவும் மருந்தும் அளிப்பதென முடிவு செய்து, முதற்கப்பலை அவ்வாண்டு மே 18ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து அனுப்பியது. கையில் பணமிருக்கும் வரைதான் சந்தை அண்டை வீட்டார். பணம் தீர்ந்தபின் உண்மையான அண்டை வீட்டாரே துணை.

சமையலறைக்கு வந்த பாமாயில்

இனி நம் வீட்டு அடுக்களைக்கே வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்து மணிலாக்கொட்டை புதுச்சேரி, கடலூர், சென்னைத் துறைகளிலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்துச் சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறிற்று. தென்னார்க்காட்டு, வடார்க்காட்டு மானாவாரி உழவனுக்கு அதுவே கைக்காசு. அன்று எண்ணெய் வித்து இங்கிருந்து சென்றது. இன்று எண்ணெய் இங்கு வந்திறங்குகிறது.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1986இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் இந்தியா சமையல் எண்ணெயில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டது. 1994இல் பாமாயில் இறக்குமதி தனியாருக்கு 65 சதிவிகிதத் தீர்வையில் திறந்துவிடப்பட்டது. அத்தீர்வை 1998க்குள் 15 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. பின்னர் 2009 ஆகஸ்ட் 13ஆம் நாள் பாங்காக்கில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்போடு இந்தியா தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்தது. 2010 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கச்சா பாமாயில் தீர்வையை 80இலிருந்து 37.5 சதவிகிதமாகவும், மிளகுத் தீர்வையை 70இலிருந்து 50 சதவிகிதமாகவும், தேயிலை, காப்பித் தீர்வைகளை 100இலிருந்து 45 சதவிகிதமாகவும் 2019க்குள் படிப்படியாகக் குறைப்பதென்று அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதை எதிர்த்து 2009 அக்டோபர் 2ஆம் நாள் கேரளத்தில் மாநிலத்தின் நீளம் முழுவதும் மனிதச் சங்கிலி அமைத்தனர். தமிழகத்தின் மணிலா உழவருக்காக அத்தகைய சங்கிலி எதுவும் நீளவில்லை.

1990ஆம் ஆண்டுவாக்கில் தமிழகத்தில் பத்து இலட்சம் எக்டேரை ஒட்டியிருந்த மணிலாச் சாகுபடிப் பரப்பு இன்று அதில் பாதியும் இல்லை. பாமாயில் ஒன்றே இதற்குக் காரணமென்று கூறுவது நீதியாகாது. மழை பொய்த்தல், கூலியாள் கிட்டாமை, நிலம் மனைகளாதல் ஆகியவையும் காரணங்களே. ஆனால் விளைச்சல் குறைந்த ஆண்டில் விலை உயர்ந்து உழவனைத் தாங்கும் என்னும் பழைய ஆறுதல் போய்விட்டது; குறையை நிரப்ப எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கிறது. அவ்வாறு நிலத்தை விட்டவர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கூலி வேலை தேடி வந்துள்ளனர்.

மறுபக்கத்தையும் காண்போம். தமிழக நியாயவிலைக் கடையில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இராயபுரத்துப் படகுத் தொழிலாளியின் மனைவிக்கும் தண்டையார்ப்பேட்டைச் சுமைதூக்குபவர் குடும்பத்துக்கும் அது பெரும் உதவி. கடலுக்கு அப்பால், மலேசியாவில் 1956இல் தொடங்கப்பட்ட பெல்டா குடியேற்றத் திட்டத்தில் நிலமற்ற ஏழை மலாய்க் குடும்பங்கள் பத்து ஏக்கர் அளவில் நிலம் பெற்று, ரப்பரும் எண்ணெய்ப் பனையும் பயிரிட்டு வறுமை நீங்கின. இந்தோனேசியாவின் எண்ணெய்ப் பனைப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு சிறு உழவர் கையில் உள்ளது. சென்னைத் துறைமுகத்தில் தீர்வை உயர்ந்தால் ஜோகூரில் ஓர் உழவன் முகம் வாடும். ஆதலின், அயலான் நம்மைக் கெடுத்தான் என்று பேசுவது அறியாமை. அவனும் உழுது உண்பவனே.

ஆனால் சார்ந்து வாழ்தலின் அபாயம் வேறு. 2022 ஏப்ரல் 28ஆம் நாள் இந்தோனேசியா தன் மக்களுக்கு எண்ணெய் போதவில்லையென்று பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23ஆம் நாள் தடை நீங்கும் வரை நம் சந்தை தவித்தது. 1942இல் அரிசிக்கு நேர்ந்தது 2022இல் எண்ணெய்க்குச் சில வாரம் நேர்ந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒப்பந்தம் விதிப்பது தீர்வையின் உச்ச எல்லையே; அதற்குக் கீழே அரசு விரும்பியவாறு மாற்றலாம். 2022இல் கச்சா பாமாயிலின் அடிப்படைத் தீர்வை சுழியாக இருந்தது. 2024 செப்டம்பரில் 20 சதவிகிதமாயிற்று. 2025 மே இறுதியில் 10 ஆயிற்று. விதைக்கும்போது ஒரு தீர்வை, அறுக்கும்போது மற்றொரு தீர்வை என்றால் உழவன் எதை நம்பி விதைப்பான்? ஆகவே பழியை ஒப்பந்தத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் அமைதி கொள்ளலாகாது.

அறிவித்தல் என்னும் அறம்

இவ்வரலாறுகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை துலங்கும். வாயிலைத் திறப்பதா, மூடுவதா என்பது மட்டுமே கேள்வியன்று. யாரைக் கேட்டுத் திறக்கிறோம், எப்போது திறக்கிறோம் என்பதே கேள்வி. திறந்தால் நகரத்து ஏழை உண்பான். மூடினால் நாட்டுப்புறத்து ஏழை பிழைப்பான். இருவரும் நம்மவரே. இவ்விருவரையும் ஒருசேரத் தாங்குவதற்கு வரலாறு சில வழிகளைக் காட்டுகிறது.

பண்டத்துக்குப் பண்டம், பருவத்துக்குப் பருவம் விகிதம் வேறுபட வேண்டும் என்பது மதீனாவின் அனுபவம். இலங்கையின் அறுவடைக் காலத் தீர்வையும் அவ்வழிப்பட்டதே. விளைந்த நாட்டை மெய்யாகச் சோதிக்கும் விதி வேண்டும் என்பது மிளகும் வனஸ்பதியும் தந்த பாடம். மலிந்த இறக்குமதியால் நகரம் பெறும் நன்மையில் ஒரு பங்கு, அதனால் இழந்த உழவனுக்குச் சேரவேண்டும். நியாயவிலைக் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் வழங்குக என்னும் தமிழக உழவரின் கோரிக்கை இவ்வகையில் எண்ணத்தக்கது. விலை வேற்றுமையை அரசு ஏற்றால், ஏழையின் அடுப்பும் எரியும். உழவனின் ஏரும் ஓடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உழவர் குரல் ஒப்பந்த மேசைக்குச் சென்று சேரவேண்டும். நம் அரசியலமைப்பின்படி வேளாண்மை மாநிலத்தின் பொறுப்பு; அயல்நாட்டு வணிகமும் சுங்கமும் நடுவண் அரசின் பொறுப்பு. எனவே தில்லியில் கையொப்பமாகும் உடன்படிக்கையின் சுமை செய்யாற்றிலும் திண்டிவனத்திலும் இறங்குகிறது. ஆனால் கையொப்பத்துக்கு முன் செய்யாற்று உழவனிடம் சென்று எவரும் கேட்பதில்லை. குரல் எழுந்தால் பயனுண்டு என்பதற்கும் சான்றுண்டு. பதினைந்து நாடுகள் பின்னர் கையொப்பமிட்ட ஆசிய-பசிபிக் வணிக உடன்படிக்கையிலிருந்து இந்தியா 2019 நவம்பரில் விலகியதற்குப் பால் உற்பத்தியாளர், உழவர் ஆகியோரின் எதிர்ப்பும் ஒரு காரணமன்றோ?

தீர்வையைக் குறிக்கும் சொல்லுக்கு அறிவித்தல் என்பது பொருள் என்று தொடக்கத்தில் கூறினோம். கப்பலில் வரும் வணிகனுக்கு முன்கூட்டி அறிவிக்கும் ஒழுங்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலகம் கற்றுக்கொண்டது. நிலத்தில் நிற்கும் உழவனுக்கு முன்கூட்டி அறிவிக்கும் ஒழுங்கை இன்னும் கற்கவில்லை. அவன் நாட்டவனாயினும் சரி, அண்டை நாட்டவனாயினும் சரி, விதைக்குமுன் அவனுக்கு அறிவிப்பதும் அவனைக் கேட்பதும் ஆட்சியாளர்மேல் உள்ள கடமையாகும்.